ஆவணத்தின் முகம் ஏன் தெரியவில்லை?

ஒரே ஃபோல்டரில் புகைப்படங்களும் பிடிஎஃப் ஆவணங்களும் கலந்து கிடக்கின்றன. படம் பார்க்கும் மென்பொருளில் திறந்தால் புகைப்படங்கள் குட்டிக் குட்டியாக வரிசைகட்டி நிற்கின்றன. பிடிஎஃப் இருக்கும் இடங்களில் மட்டும் வெறும் ஐகான். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். அதன் முதல் பக்கத்தை வரைந்துகொடுக்க அந்தக் கணினியில் ஆள் இல்லை, பெரும்பாலும் விஷயம் அவ்வளவுதான்.

கேமராவில் எடுத்த ஜேபெக் படங்கள் பலவற்றுக்குள் 160க்கு 120 புள்ளி அளவில் ஒரு சிறுபடம் சேர்ந்தே வந்துவிடுகிறது. அதை எடுத்துக் காட்டினால் போதும். பிடிஎஃப் அப்படியல்ல. இந்த எழுத்துருவில் இந்த எழுத்தை இங்கே வை, இங்கிருந்து அங்கே கோடு இழு என்கிற கட்டளைகளின் தொகுப்பு அது. யாராவது அவற்றை நிறைவேற்றினால்தான் பக்கம் உருவாகும். எக்ஸ்என்வியூ போன்ற மென்பொருள்கள் இந்த வேலையை 1988 முதல் இருந்துவரும் 'கோஸ்ட்ஸ்கிரிப்ட்' என்ற தனி மென்பொருளிடம் ஒப்படைக்கின்றன. அது இல்லையென்றால் சிறுபடமும் இல்லை. இருந்தும் வராமல் போவதுண்டு: 32 பிட் மென்பொருளால் 64 பிட் கோஸ்ட்ஸ்கிரிப்டின் நிரல் நூலகத்தைத் தன்னுள் ஏற்றிக்கொள்ள முடியாது. இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

வேர்டு ஆவணத்தின் கதை வேறு. டாக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். சேமிக்கும்போது 'சேவ் தம்ப்நெயில்' என்பதை டிக் செய்திருந்தால்தான் அதற்குள் சிறுபடம் இருக்கும். லிப்ரே ஆபீஸ் தன் சொந்த வடிவக் கோப்புகளில் கேட்காமலேயே வைத்துவிடுகிறது. இந்த விஷயத்தில் அதுவே புத்திசாலி.

விண்டோஸின் ஃபோல்டர் சாளரத்திலேயே புகைப்படங்கள் உட்பட எதற்குமே சிறுபடம் வராவிட்டால் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கூடட்டும் என்று யாரோ மாற்றிவைத்திருப்பார்கள். ஆவணத்தைத் திருத்திய பிறகும் பழைய முகமே தெரிந்தால் குற்றவாளி சேமிப்புக் கிடங்கு. விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் சிறுபடங்களை 'தம்ப்கேஷ்' என்று தொடங்கும் கோப்புகளில் குவித்துவைக்கிறது. 'டிஸ்க் கிளீனப்'பில் தம்ப்நெயில்ஸைத் தேர்ந்து அழித்தால் புதிதாக வரையும்; ஆவணத்துக்கு எந்தச் சேதமும் வராது. லினக்ஸில் இன்னொரு வேடிக்கை. ஒருமுறை வரைய முடியாமல் போன கோப்பை 'ஃபெயில்' என்ற ஃபோல்டரில் குறித்துவைத்துக்கொள்ளும், பிறகு அந்தப் பக்கமே திரும்பாது. தேவையான மென்பொருளை நிறுவிய பிறகும் சிறுபடம் வராவிட்டால் அந்த ஃபோல்டரைக் காலிசெய்ய வேண்டும். (ஆவணத்தை அழித்த பிறகும் அதன் சிறுபடம் கிடங்கில் தங்கிவிடக்கூடும். தடயவியல் துறையினர் தேடிப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று.)

கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பிடிஎஃப்புக்குச் சிறுபடம் வராது, வரவும் கூடாது.

சில சமயம் பாதுகாப்புக்காகவே இந்த வசதியை முடக்கிவைப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. சிறுபடம் வரைவதென்றால் நீங்கள் திறக்காத கோப்பைக் கணினி உங்களுக்குப் பதிலாகத் திறந்து படிக்கிறது என்று பொருள். 2010 டிசம்பரில் தென்கொரியாவில் நடந்த ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விண்டோஸின் ஓட்டை ஒன்று அம்பலமானது. சூது செய்யப்பட்ட சிறுபடம் கொண்ட ஆவணம் இருக்கும் ஃபோல்டரைச் சிறுபட வடிவில் பார்த்தாலே போதும், தாக்குபவரின் நிரல் ஓடிவிடும். 2011 பிப்ரவரியில்தான் மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது.

ஆகவே, சிறுபடம் வரவழைக்கிறேன் என்று முகவரி தெரியாத தளங்கள் நீட்டும் இலவசத் தொகுப்புகளைத் தொடாதீர்கள். பிடிஎஃப் மென்பொருளையும் கோஸ்ட்ஸ்கிரிப்டையும் உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள், அவ்வப்போது புதுப்பியுங்கள்.