வயதான பூனைக்குத் திடீரென்று காது கேட்காமல் போனால்

குக்கர் விசில் அடித்தாலே அலறியடித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடும் பூனை, ஒருநாள் அதே விசிலுக்கு அசையாமல் தூங்குகிறது. தெருமுனையில் மீன்காரர் குரல் கேட்டதும் ஜன்னலுக்குத் தாவும் பழக்கம் நின்றுபோகிறது. பின்னாலிருந்து தொட்டால் துள்ளி விழுகிறது, நகத்தையும் நீட்டுகிறது. பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பூனை இருக்கும் வீடுகளில் இதற்கு உடனே ஒரு பதில் கிடைத்துவிடும்: “வயசாயிடுச்சு, அவ்வளவுதான்.”

அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. வயதால் வரும் காது மந்தம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல ஏறும். நேற்று கேட்டது இன்று கேட்கவில்லை என்றால், வேறு ஏதோ நடந்திருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காது முன்பே மெல்லப் போய், இன்னொரு காதை வைத்துப் பூனை சமாளித்து, அதுவும் போன நாளில்தான் வீட்டுக்கே தெரியவருவதும் உண்டு. எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

நிஜமாகவே கேட்கவில்லையா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கை தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. தட்டும்போது காற்று அசைகிறது, நடந்து போனால் தரை அதிர்கிறது, மீசை முடியும் பாதமும் அதைப் பிடித்துவிடும். பூனை உங்களைப் பார்க்காமல் படுத்திருக்கும்போது, பக்கத்து அறையின் வாசலில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், அல்லது அதற்குப் பிடித்த தீனிப் பாக்கெட்டைக் கசக்குங்கள். தலையைப் பார்க்காதீர்கள், காது மடலைப் பாருங்கள். கேட்கும் பூனை தலையைத் திருப்ப சோம்பல்பட்டாலும் காது மடல் சத்தம் வந்த பக்கம் ஒரு நொடி திரும்பும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், பூனையின் காது 85,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். அதனால் மெல்லிய சரசரப்பே போதும். சில மணி நேரம் விட்டு மறுபடி செய்து பாருங்கள். அதை அப்படியே போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் மருத்துவருக்கு உதவும், ஏனென்றால் கிளினிக் மேஜையில் பயந்து உறைந்துபோன பூனை எந்தச் சத்தத்துக்கும் அசையாது.

காது கேட்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. சத்தம் உள்ளே போகும் வழி அடைபடுவது ஒன்று. அழுக்கு, காதுப் பூச்சி, சீழ், நடுக்காதில் நீர், சதை வளர்ச்சி, கட்டி எல்லாம் இதில் வரும். காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக உதிர்ந்தால் பெரும்பாலும் காதுப் பூச்சி. தலை ஒரு பக்கம் சாய்ந்து, நடை தள்ளாடி, கண்மணி இடவலமாகத் துடித்தால் நோய் உட்காது வரை போயிருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வகையில் காரணத்தை நீக்கினால் கேட்கும் திறன் பல நேரங்களில் திரும்பி வருகிறது. இரண்டாவது வகையில் உட்காதின் நுண்மயிர்ச் செல்களோ நரம்போ கெட்டுப்போகும். பாலூட்டிகளுக்கு அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. “பொறுத்துப் பார்ப்போம்” என்று இரண்டு வாரம் தள்ளிப்போடும்போது முதல் வகை இரண்டாவது வகையாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது.

நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு மருந்து விஷயத்தில்தான். காதைச் சொறிகிறது என்றதும் தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் பீரோவில் கிடக்கும், மனிதர்களுக்கு எழுதிக்கொடுத்த காது சொட்டு மருந்தை எடுப்பார்கள். அந்தச் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஜென்டாமைசினோ நியோமைசினோ இருக்கும். இவை அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாடிக்குகள். செவிப்பறை முழுசாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். சீழ் பிடித்த காதில் செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் மருந்து நேராக நடுக்காதுக்குள் இறங்கி, அங்கிருந்து உட்காதின் செல்களைக் கொன்றுவிடும். காயம் கழுவப் பயன்படும் குளோர்ஹெக்சிடினும் அப்படித்தான், பூனையின் நடுக்காதுக்கு அது ஆகவே ஆகாது. ஆகவே செவிப்பறையைக் கருவி வைத்துப் பார்க்காமல் காதில் எதையும், எண்ணெயைக்கூட, விடாதீர்கள்.

ஊசியாகப் போடும்போதும் இதே கவலை உண்டு. ஜென்டாமைசின், அமிகாசின் இரண்டும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுபவை. பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் சிறுநீரகக் கோளாறு மிக சகஜம், அது வெளியே தெரிவதற்குள் பாதிக்கு மேல் கெட்டுப்போயிருக்கும். கழியாத மருந்து ரத்தத்தில் தங்கி, காதையும் தாக்கும், சிறுநீரகத்தையும் இன்னும் தாக்கும். இதய நோய்க்காக ஃப்யூரோசமைடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனைக்கு இந்த ஊசியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. அதற்காக இதய மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, பூனை மூச்சுத் திணறிவிடும். உயிருக்கே ஆபத்தான தொற்றில் மருத்துவர் இந்த ஊசியைத் தேர்ந்தெடுப்பதும் தவறல்ல. “கிட்னி டெஸ்ட் பார்த்துவிட்டுப் போடலாமா டாக்டர்?” என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

மயக்க மருந்து பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பல் சுத்தம் செய்யவோ காது சுத்தம் செய்யவோ மயக்கம் கொடுத்த பிறகு, எழுந்த நாயோ பூனையோ காது கேட்காமல் இருந்ததாக 2002 முதல் 2009 வரை வந்த 62 நிகழ்வுகளை அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்து 2010இல் வெளியிட்டார்கள். பெரும்பாலானவை பல் சிகிச்சைக்குப் பிறகு நேர்ந்தவை. இனமோ, ஆண் பெண் வேறுபாடோ, எந்த மயக்க மருந்து என்பதோ காரணமாகத் தெரியவில்லை. வயதான பிராணிகளுக்கே கூடுதலாக நேர்ந்திருந்தது. இது அபூர்வம்தான். இதற்குப் பயந்து அழுகிய பல்லோடு பூனையை வலியில் விட்டுவைப்பது அதைவிடக் கொடுமை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் இந்த ஆபத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை.

காதோடு நிற்காத காரணங்களும் உண்டு. வயதான பூனைக்கு ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகக் கோளாறும் தைராய்டு மிகையும் அதற்குத் துணைபோகும். மேல் அளவு 160ஐத் தாண்டினால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் எல்லாம் அடிபடத் தொடங்கும். நடுராத்திரியில் வீடே எழும்படி ஊளையிடுவது காது கேட்காததாலும் இருக்கலாம், தன் குரலின் அளவு தனக்கே தெரியாததால். ரத்த அழுத்தத்தாலும் இருக்கலாம், தைராய்டாலும் இருக்கலாம். ஒரே இரவில் பார்வை போன பூனையைக் “காது கேட்கவில்லை, கூப்பிட்டால் வரவில்லை” என்று தூக்கி வருகிறவர்களும் உண்டு. ஆகவே காதைப் பார்ப்பதோடு ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர், தைராய்டு நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் தினம் ஒரு மாத்திரையில் கட்டுப்படக்கூடியது.

மைசூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி வரும்: தசரா சத்தத்தால் ஆகியிருக்குமோ? விஜயதசமி அன்று ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலத்துக்கு 21 பீரங்கி முழக்கம் உண்டு. அதற்காகவே யானைகளையும் குதிரைகளையும் முன்கூட்டிப் பலமுறை வெடிச் சத்தத்துக்குப் பழக்குகிறார்கள். வீட்டுப் பூனைக்கு அப்படிப்பட்ட ஒத்திகை கிடையாது. தூரத்துப் பீரங்கி பூனையை அலமாரிக்குப் பின்னால் விரட்டுமே தவிரச் செவிடாக்குவது அரிது. பயந்து பதுங்கிய பூனை ஓரிரு நாள் எதற்கும் அசையாது, அதைக் காது போனதென்று நினைத்துவிடக் கூடாது. தீபாவளிக்கு வாசலில், பால்கனிக்குக் கீழே வெடிக்கும் பட்டாசு வேறு விஷயம், பக்கத்தில் வெடித்தால் நுண்மயிர்ச் செல்கள் நிஜமாகவே அழியும். சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. சத்தம் எழுப்பும் பட்டாசை இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கக் கூடாது. தீபாவளி அன்று இரவு 8 முதல் 10 மணி வரைதான் என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் நேரம் குறித்தது. பூனை பெயரில் புகார் கொடுக்க முடியாது, குடியிருப்பவர் என்ற முறையில் 112க்கு நீங்கள் கொடுக்கலாம்.

மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1960களிலிருந்து ஊருக்கே பெருமை. அங்கே மூளைத்தண்டின் மின்னலைகளை அளந்து பிறந்த குழந்தைக்கும் காது கேட்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அது மனிதர்களுக்கான நிறுவனம். பூனைக்கும் இதே முறையில் பரிசோதனை உண்டு. காதில் சிறு ஒலிபெருக்கி வைத்து, தலைத்தோலில் மெல்லிய ஊசி மின்முனைகள் செருகி அளப்பார்கள். சாதாரண கிளினிக்குகளில் அந்த வசதி இருக்காது. தேவைப்பட்டால் பெங்களூர் ஹெப்பாளிலோ சென்னை வேப்பேரியிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முதலில் போன் செய்து விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவைப்படாது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்ய, காதுக்குள் பார்க்கும் கருவியும் ரத்தப் பரிசோதனையும் அனுபவமுள்ள ஒரு மருத்துவரும் போதும்.

இனி உரிமைகள். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே கால்நடை மருத்துவம் பார்க்கலாம். செல்லப் பிராணிக் கடையில் நிற்பவரோ, குளிப்பாட்டி முடி வெட்டிவிடுபவரோ ஊசி போட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை அல்ல. கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் தேதியும் எழுத்தில் வேண்டும். “ஒரு ஆன்டிபயாடிக் போட்டிருக்கேன்” என்ற வாய்ச்சொல்லோடு வீட்டுக்கு வராதீர்கள். காது போன பிறகு என்ன ஊசி என்று தெரியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம். பில், பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, காலிக் குப்பியின் படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

சிகிச்சையில் அலட்சியம் என்று உறுதியாக நினைத்தால் இரண்டு வழிகள். ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமென்றால் கர்நாடக மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலிடம் எழுத்தில் புகார். அங்கே இழப்பீடு கிடைக்காது. இழப்பீடு வேண்டுமென்றால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சை அதில் சேவைதான். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மைசூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குப் போடலாம். கெடு 2 ஆண்டுகள். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமும் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது, அங்கே நடந்ததற்குக் கால்நடை பராமரிப்புத் துறையின் மாவட்டத் துணை இயக்குநரிடம் போக வேண்டும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். காது போய்விட்டது என்பதே அலட்சியத்துக்குச் சாட்சி ஆகாது. செவிப்பறையைப் பார்க்காமல் மருந்து விட்டார், சிறுநீரகப் பரிசோதனை இல்லாமல் நாள்கணக்கில் ஊசி போட்டார், ஆபத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினார் என்பது போல எதைச் செய்யத் தவறினார் என்று காட்ட வேண்டும். அதற்கு இன்னொரு கால்நடை மருத்துவரின் எழுத்துக் கருத்து கிட்டத்தட்ட அவசியம். கையில் அது இல்லாமல் கோபத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் மருத்துவர் பெயரைப் போட்டால், அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

ஊளைச் சத்தத்தால் அக்கம்பக்கத்தில் சச்சரவு வருவதும் நடக்கிறது. குடியிருப்போர் சங்கம் செல்லப் பிராணிக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்ட நிபந்தனை வேறு, அதைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் பயந்தோ அலுத்துப்போயோ அந்தப் பூனையைத் தேவராஜ மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பது வெட்கக்கேடு. காது கேட்காத முதிய பூனைக்கு நாய் வருவதும் தெரியாது, ஆட்டோ வருவதும் தெரியாது.

கேட்கும் திறன் திரும்பாவிட்டாலும் வீட்டுக்குள் அது நன்றாகவே வாழும். இனி வெளியே விடாதீர்கள், பால்கனிக்கு வலை அடியுங்கள். முன்பக்கமாகவே அருகில் போங்கள். தூங்கும்போது எழுப்ப வேண்டுமென்றால், உடம்பைத் தொடாமல் மூக்கருகே விரலை நீட்டினால் வாசனையில் விழித்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குக் கூப்பிட விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால் சில நாட்களில் பழகிவிடும். இரவு ஒரு சிறு விளக்கு எரிந்தால் ஊளை பல வீடுகளில் குறைகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகமும் பாருங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும், மேஜையில் பூனையை இறக்கும் முன், அதற்குக் காது கேட்காது என்பதையும் எந்த மருந்துக்குப் பிறகு அப்படி ஆனது என்பதையும் சொல்லிவிடுங்கள்.