விலைப்பட்டியலில் ஏறிய தானம்

பல் இம்ப்ளான்ட் வைக்கத் தாடையில் போதிய எலும்பு இல்லை என்றால், மருத்துவர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் திறப்பார். உள்ளே ரவை போல வெள்ளைத் துகள்கள், ஒரு சிட்டிகை அளவுக்கு. சில குப்பிகளில் இருப்பது பதப்படுத்திய மாட்டெலும்பு. சிலவற்றில் செயற்கையாகத் தயாரித்த கால்சியம் பாஸ்பேட். இன்னும் சிலவற்றில், குறிப்பாக அமெரிக்காவில், இறந்துபோன ஒரு மனிதரின் எலும்பு. அந்தப் பெட்டியோடு எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டவேண்டும். இன்னொன்றை ஓர் அட்டையில் ஒட்டித் திசு வங்கிக்குத் திருப்பி அனுப்பவேண்டும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே போனால், தானம் கொடுத்த மனிதரிடம் போய்ச் சேரலாம்.

கொடுத்த குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. குப்பிக்கோ விலை உண்டு. முதுகுத்தண்டுக்கான பெரிய பாக்கெட் என்றால் ஆயிரக்கணக்கான டாலர். இரண்டுமே சட்டப்படி சரிதான். 1984-ல் அமெரிக்கா கொண்டுவந்த தேசிய உறுப்பு மாற்றுச் சட்டம், மனித உறுப்பை விற்றால் ஐந்து ஆண்டுவரை சிறை, 50,000 டாலர்வரை அபராதம் என்கிறது. அந்தச் சட்டம் உறுப்பு என்று சொல்லும் பட்டியலில் சிறுநீரகம், ஈரலோடு எலும்பும் தோலும் உண்டு. ஆனால் எடுப்பதற்கும், கொண்டுபோவதற்கும், பதப்படுத்துவதற்கும், பத்திரப்படுத்துவதற்கும் ‘நியாயமான’ கட்டணம் வாங்கலாம் என்று அதே சட்டம் விலக்கும் கொடுக்கிறது. எது நியாயம் என்று ஓர் எண்ணைக்கூட அது சொல்லவில்லை. பெரிய பெரிய நிறுவனங்கள் வளர்ந்து நிற்பது இந்த ஒரு விலக்கின் மேல்தான்.

எலும்பு தானமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. விபத்தில் நொறுங்கிய காலிலும், புற்றுநோய்க்காக வெட்டி எடுத்த எலும்பின் இடத்திலும், ஒன்றாக இணைக்கவேண்டிய முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையிலும் எதையாவது வைத்தாக வேண்டும். நோயாளியின் இடுப்பிலிருந்தே எடுத்து வைப்பதுதான் பழைய வழி, இன்றும் நல்ல வழி. அதற்கு இன்னொரு காயம் தேவைப்படும். முதுகு ஆறிய பிறகும் இடுப்பு வலிக்கிறது என்பவர்கள் ஏராளம். அதனால்தான் 1949-ல் அமெரிக்கக் கடற்படை பெதஸ்டாவில் திசு வங்கியைத் தொடங்கியது. 1965-ல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற மருத்துவர், எலும்பிலுள்ள தாது உப்பை அமிலத்தில் கரைத்து எடுத்துவிட்டு மிச்சத்தைத் தசைக்குள் வைத்தால் அங்கே புது எலும்பு வளர்கிறது என்று காட்டினார். வெறும் தாங்குகோலாக இருந்த எலும்பு மருந்துபோல ஆனது அப்போதுதான். நியூஜெர்சியின் ஆஸ்டியோடெக் நிறுவனம் இதை வைத்து ‘கிராஃப்டன்’ என்ற பெயரில் பசைபோன்ற ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2010-ல் மருத்துவக் கருவி நிறுவனமான மெட்ட்ரானிக் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

இந்தச் சந்தையில் போட்டி நடக்கும் விதம் விசித்திரமானது. எம்.டி.எஃப், லைஃப்நெட் ஹெல்த், அலோசோர்ஸ் ஆகிய பெரிய வங்கிகள் மூன்றும் லாப நோக்கற்ற அமைப்புகள். எலும்பு இவர்களிடம் வந்து சேர்கிறது. ஆனால் ஆபரேஷன் தியேட்டர்வரை அதைக் கொண்டுபோக விற்பனைப் பிரதிநிதிகளின் படை வேண்டும். அதை வைத்திருப்பவை ஸ்குரூவும் பிளேட்டும் விற்கும் கம்பெனிகள். எனவே ஜோடி சேர்கிறார்கள். எம்.டி.எஃப் தயாரிக்கும் ‘டிரினிட்டி’ என்ற எலும்புப் பொருளை ஆர்த்தோஃபிக்ஸ் சந்தைப்படுத்துகிறது. லைஃப்நெட்டின் ‘விவிஜென்’ ஜான்சன் அண்ட் ஜான்சனைச் சேர்ந்த டெப்யூ சிந்தஸ் வழியாகப் போனது. ‘ஆஸ்டியோசெல்’ என்ற பொருளின் உரிமையை நுவேசிவ் 2008-ல் ஒசைரிஸிடமிருந்து விலைக்கு வாங்கியது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் திசு வங்கியிலிருந்து 1998-ல் பிரிந்து உருவான ஆர்.டி.ஐ, இரண்டே ஆண்டுகளில் பங்குச்சந்தையில் ஏறியது.

இதில் பெரும்பாலான பொருட்களுக்கு, சந்தைக்கு வருமுன் மருத்துவப் பரிசோதனை எதுவும் கட்டாயமில்லை என்பது பலருக்கும் தெரியாது. எலும்பை அதிகம் மாற்றாமல், எலும்பு செய்யும் வேலைக்கே பயன்படுத்தினால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வின் முன் அனுமதி தேவையில்லை. பதிவு செய்தால் போதும். நன்கொடையாளரைச் சோதித்தால் போதும். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்தால் போதும். ஒரு நிறுவனத்தின் பொருள் இன்னொன்றைவிட நன்றாக எலும்பை ஒட்டுகிறதா என்று யாரும் நிரூபிக்கவேண்டிய கட்டாயமில்லாத இடத்தில், மருத்துவரோடு பிரதிநிதிக்கு இருக்கும் நெருக்கமே பெரிய சரக்காகிவிடுகிறது.

எலும்புக்கே போட்டி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கே சாட்சி. மைக்கேல் மாஸ்ட்ரோமரினோ உரிமம் இழந்த பல் மருத்துவர். பயோமெடிக்கல் டிஷ்யூ சர்வீசஸ் என்று ஒரு கம்பெனி வைத்து, இறுதிச்சடங்கு நிலையங்களுக்கு ஓர் உடலுக்கு ஆயிரம் டாலர்வரை கொடுத்து, குடும்பத்துக்குத் தெரியாமலே எலும்புகளை எடுத்தார். சம்மதக் கையெழுத்து போலி. வயதும் இறப்புக் காரணமும் போலி. பி.பி.சி-யில் பல பத்தாண்டுகள் ‘லெட்டர் ஃப்ரம் அமெரிக்கா’ வாசித்த அலிஸ்டேர் குக் 2004 மார்ச்சில் தன் 95-ஆவது வயதில் இறந்தார். நுரையீரலில் தொடங்கிய புற்று எலும்புவரை பரவியிருந்தது. தகனத்துக்கு முன் அவருடைய எலும்புகளும் திருடப்பட்டன. காகிதத்தில் அவர் வயது 85, மாரடைப்பில் இறந்தவர். மற்ற உடல்களில் கால் எலும்பு இருந்த இடத்தில் பிளம்பர் பயன்படுத்தும் பி.வி.சி குழாயை வைத்துத் தைத்திருந்தார்கள். இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள். வாங்கியவர்கள் பட்டியலில் ஆர்.டி.ஐ உள்ளிட்ட பெயர்பெற்ற நிறுவனங்கள் இருந்தன. தங்களுக்கு வந்த காகிதங்கள் சரியாக இருந்தன என்பது அவர்கள் பதில். 2008-ல் மாஸ்ட்ரோமரினோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைத்தண்டனை அனுபவிக்கும்போதே 2013-ல் புற்றுநோயில் இறந்தார்.

கடல் தாண்டியும் இதே கதைதான். 2012 பிப்ரவரியில் உக்ரைனின் மைக்கோலாயிவ் பகுதியில் போலீஸ் மடக்கிய ஒரு மினிபஸ்ஸில் ஐஸ் பெட்டிகளில் மனித எலும்பும் திசுக்களும், கூடவே பணம் வைத்த உறைகளும் இருந்தன. சரக்கு போகவிருந்த இடம் ஜெர்மனியில் ஆர்.டி.ஐ-க்குச் சொந்தமான டூட்டோஜென் ஆலை. சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு அந்த ஆண்டே இதை விரிவாக வெளியிட்டது. பெட்டிகளில் இருந்த லேபிள்கள் ‘ஜெர்மனியில் தயாரானது’ என்றன. எந்த ஊரில், எந்தத் தாயின் மகன் என்ற விவரம் அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போகிறது.

இவற்றைப் பழைய குற்றங்கள் என்று தள்ளிவிட்டாலும், 2021-ல் நடந்ததைத் தள்ள முடியாது. அதில் திருட்டு இல்லை, போலிக் கையெழுத்து இல்லை. டெலவேர் மாநில மருத்துவமனை ஒன்றில் முதுகு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் காயம் ஆறாமல் சீழ் வைத்தது. சோதித்தால் காசநோய். எல்லோருக்கும் வைத்தது ஒரே பொருள்: அஸியோ பயாலஜிக்ஸ் தயாரித்து மெட்ட்ரானிக் விநியோகித்த ‘ஃபைபர்செல்’. ஒரே நன்கொடையாளரின் எலும்பு 18 மாநிலங்களில் 113 பேரின் உடலுக்குள் போயிருந்தது. உள்ளே உயிருள்ள செல்கள் இருக்கின்றன என்பதுதான் அந்தப் பொருளின் விளம்பரமே. காமா கதிர் பாய்ச்சினால் கிருமியோடு செல்லும் செத்துவிடும், ஆகவே பாய்ச்சுவதில்லை. ஹெச்.ஐ.வி-க்கும் மஞ்சள்காமாலை வைரஸுக்கும் கட்டாயச் சோதனை உண்டு. காசநோய்க்கு அப்போது இல்லை, நன்கொடையாளரின் நோய் வரலாற்றை விசாரிப்பதோடு சரி. வலி தீரும் என்று படுத்தவர்கள் பல மாதங்கள் டிபி மாத்திரை சாப்பிட்டார்கள். சிலர் பிழைக்கவில்லை.

இரண்டே ஆண்டில், 2023 ஜூலையில், அதே நிறுவனத்தின் எலும்பில், வேறொரு நன்கொடையாளரிடமிருந்து, மறுபடியும் டிபி. அந்த எலும்பைப் பெற்றவர்கள் 36 பேர். ஐந்து பேருக்கு நோய் உறுதியானது, இருவர் இறந்தார்கள். இந்த முறை அனுப்புமுன் மரபணுச் சோதனை செய்திருந்தார்கள், கிருமி இல்லை என்றே முடிவு வந்திருந்தது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையைச் செய்தது நோய் பரவிய பிறகுதான். கல்ச்சருக்கு எட்டு வாரம்வரை ஆகும். உறையவைத்த எலும்பு எட்டு வாரம் காத்திருப்பதால் கெட்டுப்போவதில்லை. அந்தக் காத்திருப்பைச் செலவாகப் பார்த்ததுதான் என்னால் ஏற்க முடியாத இடம். அந்த ஆண்டிலேயே அஸியோ தன் பெயரை எலுஷியா என்று மாற்றிக்கொண்டு எலும்புத் தொழிலை விற்றுவிட்டது.

குடும்பங்களுக்கு இதில் எவ்வளவு தெரியும்? அமெரிக்காவில் பலர் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே ஒரு கட்டத்தில் டிக் அடித்துத் தானத்துக்குச் சம்மதிக்கிறார்கள். இல்லையென்றால் இறந்த சில மணி நேரத்தில் வீட்டுக்குத் தொலைபேசி வரும். பச்சை குத்தியிருந்தாரா, சிறைக்குப் போனாரா, எந்த நாட்டுக்குப் பயணம் செய்தார் என்று கேள்விகள் நீளும். அழுதுகொண்டே பதில் சொல்பவரின் மனதில் இருப்பது இதயம், கண், யாரோ ஒரு குழந்தை. காலாண்டு லாப அறிக்கை அவர் நினைவில் இருக்காது. ‘இது லாபம் பார்க்கும் கம்பெனிக்குப் போகலாம்’ என்று தெளிவாகச் சொன்னால் தானம் குறைந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சொல்லாமல் வாங்கிய சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், நம் பக்கத்திலேயே இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1988-ல் தன் திசு வங்கியைத் தொடங்கியது. சர்வதேச அணுசக்தி முகமையின் ஆதரவோடு எலும்பையும், பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குட உறையையும் காமா கதிரில் கிருமி நீக்கி மருத்துவமனைகளுக்குக் கொடுத்துவருகிறது. கொழும்பில் கண் தானச் சங்கத்தை நிறுவிய ஹட்சன் சில்வா, 1964 முதல் கருவிழிகளை வெளிநாடுகளுக்கு இலவசமாக அனுப்பிப் பெயர் பெற்றவர். அதே சங்கம் 1996-ல் மனிதத் திசு வங்கியையும் தொடங்கியது. அளவில் இவை சிறியவை. ஆனால் இங்கே பதப்படுத்தும் செலவுக்கும் பங்குதாரரின் லாபத்துக்கும் நடுவே இருக்கும் கோடு கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தியாவின் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. 2011-ல் செய்த திருத்தம் திசுக்களையும் அதில் சேர்த்தது. நம் தானப் படிவத்தில் கருவிழி, தோல், இதய வால்வு, இரத்தக்குழாய் இவற்றோடு ‘எலும்பு’ என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி வேண்டும். என் எலும்பு லாப நோக்குள்ள நிறுவனத்துக்குப் போகலாம் அல்லது போகக்கூடாது. நாடு தாண்டலாம் அல்லது தாண்டக்கூடாது. டிக் அடிக்கப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். இங்கே எலும்புச் சந்தை பெரிதாகுமுன், சுகாதார அமைச்சகம் இதை ஓர் அறிவிப்பின் மூலமே செய்துவிடலாம்.