விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் போட்டால் வண்டி நன்றாக ஓடுமா?

சங்க உறுப்பினர்கள் பலர் அண்மைக் காலமாக நம்மிடம் கேட்டுவரும் கேள்வி இது. மளிகைக் கடைக்காரருக்கும் மோட்டார் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் எண்ணலாம். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சரக்கு ஏற்றி, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடை கடையாக இறக்கிவிட்டு வருகிற நமக்கு, வண்டி நின்றால் வியாபாரம் நின்றதாக அர்த்தம். சரக்குக்கு ஒரு வண்டி, வீட்டுக்கு ஒரு கார் என்று வைத்திருப்போர் இன்று நம்மில் அநேகர். சர்வீஸுக்கு விட்டால் முதல் கேள்வியே "சாதா ஆயிலா, சிந்தெடிக்கா?" என்பதுதான். விலையில் ஒன்றுக்கு இரண்டு வித்தியாசம் இருக்கிறது. பிக்கப் வரும், மைலேஜ் கூடும் என்கிறார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை?

நாம் சமையல் எண்ணெய் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் கழித்தவர்கள். மோட்டார் ஆயில் நம் சரக்கு அல்ல. ஆனாலும் எண்ணெய் என்பது எண்ணெய்தான். நமக்குத் தெரிந்த எண்ணெயை வைத்தே இதையும் புரிந்துகொள்ளலாம்.

எந்த என்ஜின் ஆயில் டப்பாவானாலும் உள்ளே இருப்பது இரண்டு. பெரும் பங்கு பேஸ் ஆயில் என்னும் அடிப்படை எண்ணெய். மீதி அடிட்டிவ் எனப்படும் சேர்மானங்கள்: அழுக்கைக் கழுவ ஒன்று, துரு பிடிக்காமல் காக்க ஒன்று, தேய்மானத்தைத் தடுக்க ஒன்று, இப்படிப் பல. இந்த இரண்டுமே நம் பகுதியில் தயாராகின்றன என்பது பலருக்குத் தெரியாது. 1965இல் தொடங்கப்பட்டு 1969இல் உற்பத்திக்கு வந்த மணலி சுத்திகரிப்பு ஆலை (அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்று சென்னை பெட்ரோலியம்) பேஸ் ஆயிலும் எடுக்கிறது. அதே மணலியில், சென்னை பெட்ரோலியமும் ஒரு அமெரிக்கக் கம்பெனியும் கூட்டாக நடத்தும் இந்தியன் அடிட்டிவ்ஸ் ஆலை 1989 முதல் இருக்கிறது.

சாதா ஆயில், அதாவது மினரல் ஆயில், கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்தம் செய்தது. அதில் மெழுகு, கந்தகம், சிறியதும் பெரியதுமான அணுக்கூட்டங்கள் கலந்திருக்கும். சலிக்காத துவரை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: முழுப் பருப்பும் இருக்கும், உடைசலும் இருக்கும், பொடியும் இருக்கும். சூடேறினால் சிறியவை ஆவியாகிப் போகும். குளிர்ந்தால் மெழுகு உறையப் பார்க்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டிக்கொள்கிறதே, அந்த மாதிரி. சிந்தெடிக் ஆயில் என்பது ஆலையில் ஒரே அளவில் கட்டப்பட்ட அணுக்கூட்டங்களால் ஆனது. ஆகையால் சூட்டிலும் குளிரிலும் அதன் குணம் அதிகம் மாறாது.

இங்கே ஒரு சங்கதி. டப்பாவில் "ஃபுல்லி சிந்தெடிக்" என்று போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் வாயு கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்தால், ஏறக்குறைய சிந்தெடிக்கின் குணங்கள் வந்துவிடுகின்றன. இதற்கு மூன்றாம் குரூப் எண்ணெய் என்று பெயர். இதைச் சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்று அமெரிக்காவில் மொபில் கம்பெனிக்கும் காஸ்ட்ரால் கம்பெனிக்கும் வழக்காடல் நடந்தது. விளம்பரங்களை ஆராயும் அமைப்பு 1999இல் "சொல்லலாம்" என்று முடிவு கூறியது. அன்று முதல் கடையில் கிடைக்கும் சிந்தெடிக்கில் பெரும்பாலானது இந்த ரகம்தான். இது மோசடி என்று நாம் சொல்லவில்லை, நல்ல எண்ணெய்தான். ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் விலை கொடுக்க வேண்டாம். நெய் டப்பாவின் மேல் படத்தைப் பார்த்து நெய் வாங்குகிறவரா நாம்?

பார்க்க வேண்டியது கிரேடு. 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று போட்டிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால், குளிரில் எண்ணெய் விரைவாக ஓடும். பின்னால் உள்ள எண் என்ஜின் சூடான பிறகு இருக்கும் கெட்டித்தன்மை. பனி கொட்டும் நாட்டில் காலையில் வண்டி எடுப்பவருக்கு முன் எண் பெரிய விஷயம். நம் சென்னையில் 15 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். ஆகவே சிந்தெடிக்கின் பெரிய பெருமைகளில் ஒன்று நமக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

இனி பிக்கப், மைலேஜ். அமெரிக்காவின் நுகர்வோர் பத்திரிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1996இல் ஒரு சோதனையை வெளியிட்டது. நியூயார்க் நகரத்தின் 75 டாக்ஸிகளில் பல கம்பெனி ஆயில்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல், அதாவது சுமார் 96,000 கிலோமீட்டர் ஓட்டினார்கள். பிறகு என்ஜின்களைக் கழற்றித் தேய்மானத்தை அளந்தார்கள். சிந்தெடிக்குக்கும் சாதாவுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. ஆனால் டாக்ஸி இரவும் பகலும் ஓடுவது, என்ஜின் ஆறுவதே இல்லை. இதையும் நினைவில் வைக்க வேண்டும். 2017இல் அங்குள்ள மோட்டார் வாகனச் சங்கமான ஏ.ஏ.ஏ. ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, சூட்டைத் தாங்குவது, கசடு கட்டாமல் இருப்பது முதலியவற்றில் சிந்தெடிக் சராசரியாக 47 சதவீதம் மேல் என்று கண்டது. இரண்டும் முரண் அல்ல. எண்ணெய் அதிகம் தாங்குகிறது. அதற்காக என்ஜினுக்குப் புதிய பலம் வந்துவிடாது.

மைலேஜ் கணக்கைக் கடைக்காரர் பாணியிலேயே போடுவோம். கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 15 தருகிறது என்றால் பெட்ரோல் 667 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 66,700 ரூபாய். வண்டிக்குச் சரியான கிரேடு ஆயில் போட்டாலே 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகலாம் என்று அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை சொல்கிறது. 1 சதவீதம் 667 ரூபாய். சிறிய காருக்கு மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். சிந்தெடிக்குக்கு லிட்டருக்கு 300 ரூபாய் கூடுதல் என்றால் 1,050 ரூபாய். மேலும் அந்த மிச்சம் கிரேடால் வருவது, சிந்தெடிக் என்ற பெயரால் அல்ல. மைலேஜுக்காக மட்டும் மாற்றினால் கைப்பிடித்தம்தான்.

அப்படியானால் யாருக்கு வேண்டும்? டர்போ உள்ள என்ஜினுக்கு வேண்டும். டர்போவின் சூட்டில் சாதா எண்ணெய், பலமுறை வடை சுட்ட எண்ணெய் போலக் கறுத்துக் கெட்டியாகிவிடும். அடுத்து, நம் பகுதி வண்டிகளுக்கு ஓரளவு வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் என்ஜினை ஓடவிட்டு நிற்கிறோம். கிலோமீட்டர் மீட்டர் நகர்வதில்லை, ஆயில் மட்டும் வெந்துகொண்டிருக்கிறது. மீட்டரைப் பார்த்து 10,000 ஆகட்டும் என்று காத்திருந்தால் ஏமாந்து போவோம். இத்தகைய ஓட்டத்துக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று வண்டிக் கையேட்டிலேயே இருக்கும். படிப்பவர்தான் இல்லை. நம் கருத்தில், சிந்தெடிக் போட்டுத் தாமதமாக மாற்றுவதைவிட, கையேடு சொல்லும் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது மேல்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டி வைத்திருப்போர் இதில் விளையாடக் கூடாது. பல வண்டிகளில் புகைபோக்கியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஆகும். வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு பெருஞ்செலவு வைக்கும். பழைய வண்டி, ஆயில் குடிக்கிறது, ஒழுகுகிறது என்றால் சிந்தெடிக் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் பன்னீர் ஊற்றுவது மாதிரி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து போலி ஆயில். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கை சுட்டுக்கொண்டது. பெயர் பெற்ற கம்பெனியின் டப்பா, சீல் உடைபடவில்லை, விலை மட்டும் கால் பங்கு குறைவு. பில் கேட்டபோது "பில்லுக்குப் போனால் இந்த விலை கட்டாது" என்றார் விற்றவர். இதே வார்த்தையை நம்மிடம் சொல்லி யாராவது கலப்பட எண்ணெய் விற்க வந்தால் துரத்தியிருப்போம். ஆனால் வாங்கிவிட்டோம். இரண்டாம் மாதம் என்ஜினில் தட்டும் சத்தம். எண்ணூரில் லாரி கம்பெனியும் திருவொற்றியூரில் புல்லட் கம்பெனியும் 1950களிலிருந்து இருந்ததால், நம் தெருக்களில் கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒருவர் அடியைக் கழற்றிக் காட்டினார். வெல்லப்பாகு மாதிரி கறுப்புக் கசடு, பேரிங் தேய்ந்து போயிருந்தது. பழைய ஆயிலை வடிகட்டி மறுபடி அடைத்தது என்றார். தீபாவளி வியாபாரத்தில் மூன்று வாரம் வண்டி நின்றது. என்ஜின் வேலைச் செலவைக்கூட மறந்துவிட்டோம். அந்த மூன்று வாரத்தில் வேறு இடத்தில் சரக்கு எடுக்கத் தொடங்கிய எட்டுக் கடைகளில் ஐந்து நமக்குத் திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகு அதிகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டுத்தான் வாங்குகிறோம். சரக்கு வண்டிக்கு வாங்கும் ஆயிலுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை வரி வரவாக எடுக்க வழி உண்டு. காம்பவுண்டிங் முறையில் இருப்போருக்கு அது கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளவும். பில் இல்லாத மலிவில் அந்த வரவும் போகிறது.

நம் சரக்கு வண்டியில் இப்போது கையேட்டில் உள்ள கிரேடு மினரல் ஆயில், சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுகிறோம். மகனுடைய டர்போ காருக்குச் சிந்தெடிக். ஆயில் மாற்றும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்போம். காலி டப்பாவை ஆணியால் நான்கு இடத்தில் குத்திவிட்டுத்தான் பையனிடம் போடக் கொடுப்போம்.