விளையாட்டு நாணயமும் வீட்டுப் பணமும்

உள்நோயாளர் பிரிவில் பாட்டிக்குத் துணையிருக்கும் தாய், உடன் வந்த மகன் சலிப்படையாதிருக்கத் தம் கைப்பேசியைக் கொடுக்கிறார். சிகிச்சைக்கெனச் சேர்த்த பணமும் அதே கைப்பேசியோடு இணைந்த வங்கிக் கணக்கில்தான் உள்ளது. வீடு திரும்பும் நாளில் கட்டணம் செலுத்த முற்படும்போதுதான் இருப்பு குறைந்திருப்பது தெரிகிறது. உக்கடத்திலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் வரும் குடும்பங்களிடம் இத்தகைய இழப்புகளைப் பற்றி நாங்கள் கேட்டிருக்கிறோம். பிள்ளையைத் திருடன் என ஏசுமுன், நடந்தது என்னவென்று அறிவது நன்று.

பணமாகத் தோன்றாத பணம்

இலவச விளையாட்டுகள் பலவும் உள்ளே விற்கும் பொருள்களால்தான் வருவாய் ஈட்டுகின்றன. ஃப்ரீ ஃபயரில் 'டைமண்ட்', பிஜிஎம்ஐ விளையாட்டில் 'யூசி' என அவற்றுக்குத் தனி நாணயம் உண்டு. முதலில் ரூபாய் கொடுத்து இந்த நாணயத்தை வாங்க வேண்டும். பிறகு அதைக் கொண்டு உடை, ஆயுத அலங்காரம் முதலியவற்றைப் பெறலாம். இடையில் நாணயம் வந்துவிடுவதால், செலவாவது ரூபாய் என்னும் உணர்வு மங்குகிறது.

சில விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே வாங்கும் பரிசுப் பெட்டிகளும் உண்டு. எப்போது கிடைக்கும் எனத் தெரியாத பரிசு, மீண்டும் மீண்டும் முயலத் தூண்டும். சூதாட்டத்தின் இயல்பும் இதுவே. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது. தன்னடக்கத்துக்குரிய மூளைப்பகுதி இருபது வயதைக் கடந்தும் முதிர்ச்சியடைந்து கொண்டிருப்பதால், சிறுவரால் இத்தூண்டுதலை எளிதில் மறுக்க இயலாது.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், நடுவணரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் இணையவழிச் சூதாட்டத்தையும் பணம் வைத்து ஆடுவதையும் குறித்தவை. பணப்பரிசு இல்லாத விளையாட்டில் நாணயம் வாங்குவது பொதுவாக அவற்றின் தடைக்குள் வராது. எனவே முதற்காவல் வீட்டினரிடமே உள்ளது.

செய்ய வேண்டியவை

• யுபிஐ இரகசிய எண்ணைப் பிள்ளைகள் காண அழுத்தாதீர்கள். அறிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.
• பிளே ஸ்டோர் அமைப்புகளில், ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி செய்யுங்கள்.
• யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைப் பாருங்கள். அறியாத அனுமதி இருப்பின் நீக்குங்கள்.
• சிகிச்சைப் பணத்தை, கைப்பேசியோடு இணையாத கணக்கில் வையுங்கள்.
• பணம் போயிருந்தால், தாமதியாமல் பிளே ஸ்டோரில் பணத்தைத் திரும்பக் கோருங்கள்.

எப்போது மருத்துவரை நாடுவது?

ஒருமுறை செலவழித்தது நோயன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. 'விளையாட்டுக் கோளாறு' அதில் இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டின் மீது கட்டுப்பாட்டை இழத்தல், உணவு, படிப்பு, உறவு அனைத்தையும்விட அதையே முதன்மையாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியன அதன் அறிகுறிகள். இவை ஏறத்தாழ 12 மாதங்கள் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால் அது கோளாறாகக் கருதப்படும். ஆயினும் ஆலோசனை பெற அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

பணத்தை இழந்த பிள்ளை அச்சத்தில் அதை மறைக்கும். அடியும் அவமானமும் அந்த அச்சத்தைப் பெருக்கும். சாவைப் பற்றிப் பேசினாலோ, வீட்டைவிட்டுப் போவதாகச் சொன்னாலோ, தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் 14416இல் இரவும் பகலும் தமிழில் பேசலாம். போன பணத்தைக் காலப்போக்கில் ஈட்டிவிடலாம். பிள்ளை உங்களிடம் உண்மையைச் சொல்லும் துணிவை இழந்துவிடக் கூடாது.