எங்கே போயிற்று அந்த ஆற்றல்?



சென்ற மே மாதம் நம் பங்கின் மறைக்கல்வி மாணவர்களோடு கொடைக்கானலுக்குச் சென்று வந்தோம். மாலையில் மலையிலிருந்து இறங்கும்போது, பாதி வழியில் ஓட்டுநர் பேருந்தை ஓரமாக நிறுத்திவிட்டார். சக்கரத்தின் பக்கமிருந்து கருகிய நாற்றம் வந்தது. "பிரேக் சூடாயிருக்கு சாமி, ஆறட்டும்" என்றார். தண்ணீர் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "வேண்டாங்க, டிரம் விரிசல் விட்டுடும்" என்று தடுத்தார். அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். வீடு போய்ச் சேர நேரமாகிறதே என்று நாங்கள் எல்லாரும் முணுமுணுத்தோம். பிறகு அவர் இரண்டாவது கியரிலேயே, எஞ்சின் உறும உறும, மெதுவாக இறக்கி வந்தார்.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? இன்று இதைச் சேர்ந்து சிந்திப்போம்.

காலையில் மலை ஏறியபோது டீசல் எரிந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் கதிரவனிடம் பெற்ற ஆற்றல்தான் டீசலுக்குள் வேதி ஆற்றலாக அடைபட்டிருக்கிறது. எஞ்சினில் அது எரிந்து வெப்பமாகிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறிவிடும். மீதிதான் சக்கரத்தைச் சுழற்றிப் பேருந்தை மேலே ஏற்றுகிறது. உச்சியில் வண்டி அசையாமல் நிற்கும்போதும் அந்த ஆற்றல் அழிந்துவிடவில்லை. உயரத்தில் நிற்பதாலேயே அது வண்டியில் நிலை ஆற்றலாகத் தங்கியிருக்கிறது.

இறங்கும்போது அந்த நிலை ஆற்றல் இயக்க ஆற்றலாக, அதாவது வேகமாக, மாறப் பார்க்கிறது. ஆனால் வளைவுக்கு வளைவு நாம் வேகத்தைக் கூடவிடுவதில்லை. அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே போகும்? ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றத்தான் முடியும். பிரேக் லைனிங் டிரம்மோடு உரசும்போது வேகம் வெப்பமாக மாறுகிறது. பிரேக் ஆற்றலை விழுங்குவதில்லை, அதைச் சூடாக மாற்றித்தான் தருகிறது.

இதை அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல் என்ற ஆங்கிலேயர். மான்செஸ்டர் அருகே பீர் வடிக்கும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். வெப்பம் என்பது ஒரு வகைத் திரவம் என்றே பலரும் நம்பியிருந்த 1840களில், அவர் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் துடுப்புச் சக்கரம் ஒன்றை வைத்தார். கயிற்றில் கட்டிய எடைக்கற்கள் கீழே இறங்க இறங்கச் சக்கரம் சுழன்று தண்ணீரைக் கலக்கியது. தண்ணீர் மிகச் சிறிதளவு சூடேறியது. எவ்வளவு எடை எவ்வளவு தூரம் இறங்கினால் எவ்வளவு சூடேறும் என்று பொறுமையாகக் கணக்கிட்டார். ஆற்றலை அளக்கும் அலகுக்கே இன்று அவர் பெயர்தான்.

அவருடைய கணக்கை நம் பேருந்துக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 10 டன் எடை என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை ஏறத்தாழ 1,800 மீட்டர் இறக்கம். இந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 600 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. திருவிழா அசனத்துக்கு அடுப்பில் ஏற்றும் 100 லிட்டர் அண்டாக்கள் ஆறினை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். காற்றும் சாலையும் வாங்கிக்கொள்ளும் பங்கு போக, மீதி முழுவதையும் பிரேக்கின் தலையில் கட்டினால் என்ன ஆகும்? அளவு மீறிச் சூடேறிய லைனிங் பிடிப்பை இழந்துவிடும். பிறகு மிதித்தாலும் வண்டி நிற்காது.

அதனால்தான் சிறிய கியர். அப்போது சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. ஆற்றலின் பெரும்பங்கை எஞ்சின் ஏற்று, புகைக்குழாய் வழியும் ரேடியேட்டர் வழியும் வெளியே தள்ளிவிடுகிறது. டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்தோ அணைக்காமலோ நியூட்ரலில் மலை இறங்கும் நம் பிள்ளைகள், அந்த ஆறு அண்டா வெந்நீரின் சூட்டில் பெரும்பங்கைப் பிரேக் மீதே ஏற்றுகிறார்கள். எஞ்சின் அணைந்தால் பல வண்டிகளில் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் குறைந்துவிடும். சில ரூபாய் டீசலுக்காகச் செய்யக்கூடிய காரியமா இது?

வீட்டிலும் இதே கதைதான். மிக்ஸியில் கெட்டியான துவையல் சிக்கி பிளேடு சுழலாமல் நின்றால், சுழற்சியாக வேண்டிய மின்சாரம் முழுவதும் காயிலில் வெப்பமாகிறது. கருகிய வாடை வருவது அதனால்தான். உடனே அணைத்துவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டி சுடத்தான் வேண்டும். ஆனால் அதைச் செருகிய பிளக் சுட்டால், உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். திருவிழாப் பந்தலில் ஒரே மெல்லிய வயரில் விளக்குகளையும் ஒலிபெருக்கியையும் மாட்டினால், மின்சாரத்தில் ஒரு பங்கு வயரிலேயே சூடாகித் தென்னங்கீற்றுக்குப் பக்கத்தில் காத்திருக்கும்.

வெப்பமாகிச் சிதறிய ஆற்றலை மறுபடியும் முழுதாகத் திரட்டிப் பயன்படுத்த யாராலும் முடியாது. அதற்கு முன்பே பிடித்தால்தான் உண்டு. மெட்ரோ ரயில்களும் மின்சாரக் கார்களும் அதைத்தான் செய்கின்றன. வேகம் குறைக்கும்போது அவற்றின் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பித் தருகிறது.

ஆகவே அன்பர்களே, எதையாவது நிறுத்தும்போதும், எதிலாவது சூட்டை உணரும்போதும், "இந்த ஆற்றல் எங்கே போகிறது?" என்று கேட்டுப் பழகுவோம். பிள்ளைகளுக்கும் கேட்கச் சொல்லிக் கொடுப்போம். அன்று 40 பிள்ளைகளைச் சுமந்து வந்த அந்த ஓட்டுநர் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவராக இருந்தார். நாங்களோ அவரை அவசரப்படுத்தினோம். இறங்கும்போது நன்றி சொல்லவும் மறந்துவிட்டோம். இந்த வானொலி வழியாக இன்று அதைச் சொல்லிக்கொள்கிறோம்.