பிளவும் ஐக்கியமும்

சென்ற மாதம் வகுப்பில் அமெரிக்க சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். அடிமை வழக்கத்தை முன்னிட்டு 11 ராஜ்யங்கள் பிரிந்துபோக முற்பட்டதையும், 1861 முதல் 1865 வரை நடந்த யுத்தத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்ததையும் சொல்லி முடித்தேன். ஒரு மாணவன் எழுந்து, "நம்மிடையே அப்படிப்பட்ட பிளவு வந்ததுண்டா, ஸார்?" என்று கேட்டான். "உண்டு, அதுவும் நம் ஊர்ப் பக்கத்திலேயே" என்றேன்.

கருங்கல் அந்நாளில் விளவங்கோடு தாலுகாவில் அடங்கிய ஊர். திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்துடன் இணைக்கவேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கிளர்ச்சி செய்தது. அதன் தலைவர்களில் முதன்மையானவர் அயலூராகிய பள்ளியாடியில் பிறந்த நேசமணி. 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் பலர் உயிர் துறந்தனர். அப்போது மந்திரிசபை நடத்தியவர் பட்டம் தாணுப்பிள்ளை. அவர் சார்ந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் காரியதரிசி ராம் மனோகர் லோகியாவோ, தம் கட்சி மந்திரிசபையே ராஜினாமாச் செய்யவேண்டுமென்றார்! கட்சியினும் நியாயம் பெரிதென்று கருதும் மனம் அது.

இரத்தம் சிந்திய பின்னர் ஜனங்கள் என்ன செய்தனர்? ஆயுதம் ஏந்தவில்லை, ராஜ்ய சீரமைப்புக் கமிஷன் முன் தங்கள் வழக்கை எடுத்துரைத்தனர். 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியைச் சேர்ந்தது. ஆனால் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. கேட்டதெல்லாம் தமிழருக்குக் கிட்டவில்லை. இருந்ததையெல்லாம் மலையாளிகள் காக்கவுமில்லை. இருசாராருக்கும் மனக்குறை இருந்தது. எனினும் இருவரும் தீர்ப்புக்குத் தலைவணங்கினர். கமிஷன் சொன்னதனால் மட்டுமா? எல்லைக்கு அப்பால் போனவனும் அந்நியனல்லன், இந்தியனே என்ற எண்ணமும் அதற்குக் காரணம். இன்றும் இம்மாவட்டத்தில் மலையாளம் பேசும் குடும்பங்கள் உள்ளன. களியக்காவிளைக்கு அப்பால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லை.

அமெரிக்காவிலும் யுத்தத்தின் நடுவே, 1863-இல், வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து மேற்கு வர்ஜீனியா தனி ராஜ்யமாயிற்று. அங்கே துப்பாக்கிகளின் நடுவே பிறந்த எல்லை, இங்கே சட்டத்தினால் பிறந்தது. ஆயினும் நாம் கர்வம் கொள்வதற்கில்லை. 2021 ஜனவரி 6-ந் தேதி, தேர்தல் தோல்வியை ஒப்பாத கூட்டமொன்று வாஷிங்டன் நகரில் சட்டசபை மாளிகைக்குள்ளேயே புகுந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியரசுக்கே அக்கதி நேருமானால், எந்த தேசத்துக்கும் நேரலாம்.

ஐக்கியமென்பது சச்சரவே இல்லாமை அன்று. தோற்றவன் தீர்ப்பை ஏற்பதும், வென்றவன் தோற்றவனை இழிவுசெய்யாதிருப்பதுமே ஐக்கியம். புதுக்கடையில் நிற்கும் தியாகிகள் நினைவுச் சின்னத்தைக் காணச் செல்லும் பெற்றோர், அங்கே சிந்திய இரத்தத்தை மட்டுமன்றி, அதன் பின்னர் இருசாராரும் காத்த பொறுமையையும் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்வார்களாக.