நல்ல, நன்றாக, நன்மை

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரையின் எழுத்து வடிவம்)
பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: எசாயா 35:4-7, யாக்கோபு 2:1-5, மாற்கு 7:31-37



ஆர்.கே.பேட்டையில் புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தேன். மறைக்கல்வி தொடங்குவதற்கு முன் ஒரு சிறுவன் மடியில் நோட்டை விரித்து ஆங்கில வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். 'ஷி சிங்ஸ் குட்' என்று அவன் எழுதியதை டீச்சர் சிவப்பு மையால் அடித்து, 'வெல்' என்று திருத்தியிருந்தார். "குட்னாலும் நல்லதுதானே ஃபாதர், அது ஏன் தப்பு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். 'அட்ஜெக்டிவ்' என்பதைத் தமிழில் பெயரடை என்கிறோம். அது பெயர்ச்சொல்லோடு சேர்ந்து, ஆள் எப்படிப்பட்டவர், பொருள் எப்படிப்பட்டது என்று சொல்லும். 'அட்வெர்ப்' வினையடை. அது வினையோடு சேர்ந்து, செயல் எப்படி நடக்கிறது என்று சொல்லும். நல்ல பெண் என்றால் பெயரடை. நன்றாகப் பாடுகிறாள் என்றால் வினையடை. 'நல்ல பாடுகிறாள்' என்று நாம் எழுதுவோமா? அதுதான் அங்கேயும் தப்பு.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் எளிது. திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து பிரிந்து நம் மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-இல்தான். இன்றும் பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே பேசுவார்கள். "தெலுங்கிலே நல்ல பையனுக்கு என்ன சொல்லுவே?" என்றேன். "மஞ்சி பில்லவாடு." "நன்றாகப் படிக்கிறான் என்பதற்கு?" "பாகா சதுவுதாடு." "பார்த்தாயா, மஞ்சி வேறு, பாகா வேறு. குட் வேறு, வெல் வேறு." பையனுக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அவனே சொன்னான்: "எங்க ஆயா நன்மை வாங்க மாட்டாங்க ஃபாதர். நல்லவங்கதான் வாங்கணுமாம். அவங்க நல்லவங்க இல்லையாம்."

அன்புக்குரியவர்களே, அந்த ஆயாவுக்கான பதில் பேரனின் வீட்டுப்பாடத்திலேயே இருந்தது. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்றைய நற்செய்தியில் காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவரைத் தனியே அழைத்துச் சென்று, காதுகளில் விரலை இட்டு, நாவைத் தொட்டு, 'எப்பத்தா', திறக்கப்படு என்கிறார். அவர் தெளிவாகப் பேசத் தொடங்குகிறார். மக்கள் அளவுக்கு மீறி வியந்து, இவர் எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறார் என்று பேசிக்கொள்கிறார்கள். இங்கே கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கலோஸ்'. அது வினையடை. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை நல்ல ஆயன் என்று சொல்லும்போது அதே சொல் குறிலோடு 'கலொஸ்' என்று வருகிறது. அது பெயரடை. நல்லவராகிய ஆயன் எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிறார். அவரிடத்தில் இரண்டும் ஒன்றே.

நம்மிடத்தில்தான் சிக்கல். பணக்கார இளைஞர் ஒருவர் நல்ல போதகரே என்று அழைத்தபோது, கடவுள் ஒருவரைத் தவிர நல்லவர் எவருமில்லை என்று இயேசு சொன்னார் (மாற்கு 10:18). அப்படியானால் 'நல்ல' என்ற பெயரடை முதலில் கடவுளுக்குரியது. நாம் சம்பாதித்துச் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கமல்ல அது. அவர் தம்முடையதை நமக்குப் பகிர்ந்து தருகிறார். அப்படித் தரும் வழிகளைத்தான் அருளடையாளங்கள் என்கிறோம். பெரியவர்கள் தேவதிரவிய அனுமானங்கள் என்று படித்திருப்பீர்கள்.

அருளடையாளம் என்றால் என்ன? கண்ணுக்குத் தெரியாத அருளைத் தருவதற்காகக் கிறிஸ்து ஏற்படுத்திய, கண்ணுக்குத் தெரியும் அடையாளம். தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம், கைகளை வைத்தல், வாயால் சொல்லும் வாக்கு எல்லாம் நம் கைக்கு எட்டுகிற பொருள்களும் செயல்களுமே. திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை, ஒப்புரவு, நோயில்பூசுதல், குருத்துவம், திருமணம் என ஏழு. இவற்றில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் ஆகிய மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன. ஆகவே அவற்றை வாழ்நாளில் ஒருமுறைதான் பெறுகிறோம். 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம் இதைத் தெளிவாக வரையறுத்தது. திருமுழுக்குச் சடங்கில் குரு குழந்தையின் காதையும் வாயையும் தொட்டு 'எப்பத்தா' செபத்தைச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இன்றைய நற்செய்தியில் நடந்தது அந்தக் குழந்தைக்கும் நடக்கிறது.

இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. அருளடையாளம் கொடுக்கிறவரின் பெயரடையைச் சார்ந்ததல்ல. வடஆப்பிரிக்காவில் புனித அகுஸ்தினார் காலத்தில் டொனாத்து பிரிவினர், கெட்ட குரு கொடுக்கும் திருமுழுக்குச் செல்லாது என்று வாதாடினார்கள். பேதுரு கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும் திருமுழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தினார் அவர்களுக்குப் பதில் சொன்னார். கொடுக்கும் என்னைப் பற்றி உங்களுக்கு ஆயிரம் குறை இருக்கலாம். ஆனால் வருகிறவர் ஆண்டவர்.

அப்படியானால் நாம் சும்மா இருந்தால் போதுமா? போதாது. அருள் உறுதியாகத் தரப்படுகிறது. ஆனால் அது பலன் தருவது, பெறுகிறவர் அதை எப்படிப் பெறுகிறார் என்பதையும் பொறுத்தது என்று திருஅவை போதிக்கிறது. தறி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். நூல் நல்ல நூலாகவே இருக்கலாம்; கவனமில்லாமல் ஓட்டினால் துணி கெட்டுப்போகும். கடவுள் தருவது நல்ல நூல். நன்றாக நெய்வது நம் பங்கு.

இப்போது இரண்டாம் வாசகத்துக்கு வாருங்கள். பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்தவருக்கு நல்ல இருக்கை. அழுக்குடை அணிந்த ஏழைக்குக் கால்மாட்டில் இடம். யாக்கோபு இதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். பெயரடையைப் பார்த்து இடம் கொடுக்கிற பழக்கம் நமக்குப் புதிதா? திருவிழா பேனரைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் நான்கு அடைமொழி இல்லாவிட்டால் கோபம் வருகிறது. மணமகள் தேவை விளம்பரத்தைப் பாருங்கள்: சிவந்த, படித்த, வசதியான, இன்ன சாதியைச் சேர்ந்த. ஆனால் பீடத்துக்கு முன் நின்று கொடுக்கும் மணவாக்கில் இந்தப் பெயரடை ஒன்றாவது உண்டா? நலத்திலும் நோயிலும் எப்படி வாழ்வேன் என்பதுதான் வாக்கு. பிரமாணிக்கமாக. அது வினையடை.

ஒப்புரவும் அப்படித்தான். எரிகோவில் சக்கேயுவுக்கு ஊர் கொடுத்த அடைமொழி 'பாவி'. இயேசு அந்த அடைமொழியைப் பற்றி விவாதிக்கவில்லை. மரத்திலிருந்து விரைவாக இறங்கி வரச் சொன்னார். அவர் மகிழ்ச்சியோடு வரவேற்றார். பிறகு, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். விரைவாக, மகிழ்ச்சியோடு, நான்கு மடங்காக. ஒரு நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேறென்ன வேண்டும்?

இனி அந்த ஆயாவின் கேள்வி. தகுதியற்ற முறையில் ஆண்டவரின் அப்பத்தை உண்பவர் குற்றம் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 11:27). இதைக் கேட்டே பலர் பயந்து பின்னால் நின்றுவிடுகிறார்கள். ஆனால் கவனியுங்கள். தகுதியற்றவர் உண்ணக்கூடாது என்று பவுல் எழுதவில்லை. தகுதியற்ற முறையில் உண்ணக்கூடாது என்கிறார். கிரேக்கத்தில் அதுவும் வினையடைதான். கொரிந்தில் அந்தத் தகுதியற்ற முறை என்ன? முன்னால் வந்த வசதியுள்ளவர்கள் தின்று குடித்துவிட, பின்னால் வந்த ஏழைகள் பசியோடு தலைகுனிந்து நின்றார்கள். அதுதான் பவுலைச் சுட்டது.

நன்மை வாங்குவதற்குச் சற்று முன் நாம் எல்லாரும் சேர்ந்து என்ன சொல்கிறோம்? ஆண்டவரே, நான் தகுதியற்றவன் என்கிறோம். குரு சொல்கிறார், ஆயர் சொல்கிறார், திருத்தந்தையும் சொல்கிறார். ஆகவே பெயரடையில் நாம் எல்லாரும் ஒன்றே, தகுதியுள்ளவர் ஒருவருமில்லை. ஆனால் தகுதியற்றவர் தகுதியான முறையில் உண்ணலாம். திருஅவை நம்மிடம் கேட்பது அதைத்தான்.

தகுதியான முறை என்றால் என்ன? 1905-இல் புனித பத்தாம் பயஸ் காலத்தில் வெளிவந்த ஆணை இரண்டு காரியங்களைக் கேட்டது: அருள்நிலையில் இருப்பது, நேரிய நோக்கத்தோடு வருவது. சாவான பாவம் இருந்தால் முதலில் ஒப்புரவு. வழக்கத்துக்காகவோ பெருமைக்காகவோ வராமல், ஆண்டவரைத் தேடி வருவது. அவ்வளவுதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலில், நற்கருணை நிறைவானவர்களுக்குக் கொடுக்கும் பரிசல்ல, பலவீனருக்கு மருந்தும் உணவும் என்ற பொருளில் எழுதினார். குணமானபிறகு மருந்து சாப்பிடுகிறேன் என்று யாராவது சொல்வார்களா?

அன்று மாலை பையனோடு அந்த ஆயாவின் வீட்டுக்குப் போனேன். "வாங்க சாமி" என்று திண்ணையைத் துடைத்துவிட்டார். பல ஆண்டுகளாக நன்மை வாங்காததற்கு ஒரு காரணம் சொன்னார். அது இங்கே வேண்டாம். நம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். "எனக்கு என்ன தகுதி இருக்குது சாமி?" என்றார். "எனக்கும் இல்லம்மா" என்றேன். "தகுதியைப் பார்த்துக் கொடுக்கிறதா இருந்தா, முதல்ல நான் பீடத்தை விட்டு இறங்கணும். நீங்க முதல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க. அப்புறம் நன்மைக்கு வாங்க." அவர் அழுதார். பேரன் ஒன்றும் புரியாமல் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சகோதர சகோதரிகளே, நற்கருணை வாங்குவதை நம் முன்னோர் 'நன்மை வாங்குதல்' என்றார்கள். நல்ல, நன்றாக, நன்மை. மூன்றும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். நல்லவர் கடவுள். அவர் தருவது நன்மை. அதை நன்றாகப் பெற்று நன்றாக வாழ்வது நம் பங்கு.

நம் மண்ணில் இலக்கணமும் ஞானோபதேசமும் எப்போதும் கைகோத்தே வந்திருக்கின்றன. முத்துக்குளித்துறையில் புனித சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைக்கல்வி நூலையும் தமிழில் அச்சிட்டார். 'தொன்னூல் விளக்கம்' என்ற இலக்கணம் எழுதிய வீரமாமுனிவரே, உபதேசியார்களுக்காக 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை ஆங்கில நோட்டை மறைக்கல்விக்குக் கொண்டுவந்தால் திட்டாதீர்கள். அவன் கேட்கும் கேள்வியைக் கேளுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் குடும்பத்தில், தெருவில், ஒருவருக்கு நீங்கள் கொடுத்து வைத்திருக்கும் கெட்ட அடைமொழி ஒன்றை எடுத்துவிடுங்கள். பல நாளாக நன்மை வாங்காத ஒருவரை ஒப்புரவுக்கு அன்பாக அழைத்து வாருங்கள். முடிந்தால் நீங்களும் கூடவே வரிசையில் நில்லுங்கள்.

செபிப்போமாக: எல்லாவற்றையும் நன்றாகச் செய்கிற ஆண்டவரே, எங்கள் காதுகளையும் நாவையும் திறந்தருளும். உமது நன்மையைப் பெறும் நாங்கள், நன்றாக வாழ அருள்தாரும். ஆமென்.